ஹேக்குக்கு மனு எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு



நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். திட்டுவதென்றாலும் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு மனுவோடு வீட்டுக்கு வந்தார்கள். காஸாவுக்காக எழுதிய மனு. ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் கையொப்பம் எடுத்து நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். "சேர், தமிழ்ப் பிழை இருந்தா திருத்தித் தாங்க" என்றார்கள். எழுத்துப்பிழை குறைவாகத்தான் இருந்தது. முகவரிதான் பிழை. "சர்வதேச நீதிமன்றம், ஹேக்" என்று போட்டு, நெதன்யாகுவைக் கைது செய்யச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

அந்த நீதிமன்றம் யாரையும் கைது செய்யாது. அது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் இடம். 1945இல் ஐ.நா. சாசனத்தோடு உருவானது. தென்னாபிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகப் போனதும், ரோஹிங்யா மக்களுக்காகக் கம்பியா மியன்மாருக்கு எதிராகப் போனதும் அங்கேதான். தனி மனிதர்களை விசாரிப்பது இன்னொரு நீதிமன்றம்: சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். 2024 நவம்பர் 21ஆம் திகதி நெதன்யாகுவுக்கும் கலன்ட்டுக்கும் பிடியாணை கொடுத்தது இதுதான். இரண்டும் ஒரே நகரத்தில் இருப்பதால் எல்லோருக்கும் குழப்பம். வகுப்பில் இதை ஐ.சி.சி. என்று சொன்னபோது ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், 2023ல நம்மட கிரிக்கெட்ட சஸ்பெண்ட் பண்ணின ஐ.சி.சி.யா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியவர்களின் நிலையும் அவ்வளவுதான் என்பது பிறகுதான் விளங்கியது.

நான் அந்தத் தம்பிமாரிடம் சொன்னேன்: "ஹேக்குக்கு அனுப்பாதீங்க. கொழும்புக்கு அனுப்புங்க. இந்த நீதிமன்றத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை. சேரச் சொல்லிக் கேளுங்க. அதுதான் உங்களுடைய கையெழுத்துக்கு மதிப்புள்ள இடம்."

அடுத்த நாளே ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்துவிட்டார்கள். "சேர், அது தேவையில்லாத வேல. அது வேற ஆக்கள்ட பிரச்சின. நாட்டுக்கு எதிரா கையெழுத்து வச்ச மாதிரி ஆயிடும்." அன்றிரவு வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு: "அது வெள்ளக்காரன்ட நாடகக் கோட்டு. காபிர்ட கோட்ட நம்பச் சொல்றாரு மாஸ்டர்."

பெயர்கள் வேண்டாம். ஆட்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே குழுமத்தில் வெள்ளிக்கிழமை "பிடியாணை வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று பகிர்வதும், சனிக்கிழமை "அது நாடகக் கோட்டு" என்று குரல் பதிவு போடுவதும் எப்படிச் சரியாகும்? இந்த நீதிமன்றம் எப்படிப் பிறந்தது என்று தெரியாததால்தான் இரண்டையும் சொல்ல முடிகிறது. ஆகவே பிறந்த கதையைச் சொல்கிறேன்.

முதல் யோசனை 1872இல் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான குஸ்தாவ் முவானியே, பிரான்ஸும் பிரஷ்யாவும் போரிட்டதில் ஜெனீவா உடன்படிக்கை மிதிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு, இதை விசாரிக்க ஒரு சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்றார். எந்த அரசும் காது கொடுக்கவில்லை.

முதலாம் உலகப் போர் முடிந்தது. 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 227ஆவது உறுப்புரை ஜேர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மை விசாரிக்க வேண்டும் என்றது. அவர் நெதர்லாந்துக்கு ஓடிவிட்டார். நெதர்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்தது. 1941இல் அங்கேயே நிம்மதியாகக் கண்மூடினார். இன்று இந்த நீதிமன்றம் இருப்பதும் அதே நெதர்லாந்தில்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூரம்பேர்க். நாஸித் தலைவர்கள் 22 பேருக்குத் தீர்ப்பு. 12 பேருக்கு மரண தண்டனை, 3 பேர் விடுதலை. "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அங்கே சட்டமானது. அது பெரிய விஷயம். ஆனால் ஒரு திகதியையும் நினைவில் வையுங்கள். அந்த நீதிமன்றத்தை அமைக்கும் ஒப்பந்தம் லண்டனில் கைச்சாத்தானது 1945 ஓகஸ்ட் 8. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது ஓகஸ்ட் 6. நாகசாகியில் விழுந்தது ஓகஸ்ட் 9. இரண்டு குண்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து போர்க் குற்றத்துக்குச் சட்டம் எழுதினார்கள். அந்தக் குண்டுகளுக்காக எவரும் கூண்டில் ஏறவில்லை. டோக்கியோ தீர்ப்பாயத்தில் கல்கத்தாவைச் சேர்ந்த நீதிபதி ராதாபினோத் பால் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். வென்றவன் தோற்றவனை விசாரிப்பதை நீதி என்று சொல்ல அவர் ஒப்பவில்லை.

ஆக, "வெள்ளைக்காரனின் நாடகம்" என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. நியூரம்பேர்க்கைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் பாதியாவது ஒப்புக்கொள்வேன். ஆனால் ஹேக்கில் இன்று இருப்பது அந்த நீதிமன்றமல்ல. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குத் தெரியாத பகுதி.

1948இல் ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதிலேயே ஒரு சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் பற்றிய வரி இருக்கிறது. 1951இலும் 1953இலும் வரைவுகள் தயாராயின. 1954இல் எல்லாவற்றையும் தூக்கி அலமாரியில் வைத்தார்கள். "ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று இன்னும் வரையறுக்கவில்லை" என்பது காரணம். உண்மையான காரணம் பனிப்போர். தங்கள் தளபதிகளை மற்றவன் விசாரிப்பதை வொஷிங்டனும் விரும்பவில்லை, மொஸ்கோவும் விரும்பவில்லை. 35 வருடங்கள் அந்தக் கோப்பு தூசி பிடித்துக் கிடந்தது.

1989இல் அதை வெளியே எடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காவா, பிரித்தானியாவா? இல்லை. ட்ரினிடாட் டொபேகோ. நம்மில் பலருக்கு பிரயன் லாராவின் ஊர் என்று மட்டுமே தெரிந்த நாடு. கொழும்பு மாவட்டத்தைவிடக் குறைந்த சனத்தொகை. அதன் பிரதமர் ஏ.என்.ஆர். ரொபின்சன், போதைப்பொருள் கடத்தல்காரர்களை எங்களைப் போன்ற சிறிய நாடு தனியாகச் சமாளிக்க முடியாது, சர்வதேச நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்று ஐ.நா.வில் கேட்டார். அங்கிருந்துதான் வேலை மறுபடி தொடங்கியது.

பிறகு பொஸ்னியா. இந்த இடத்தில் ஒரு பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷரீப் பஸ்ஸியூனி. 1937இல் கெய்ரோவில் பிறந்தவர், முஸ்லிம், சிக்காகோவில் சட்டப் பேராசிரியர். யூகோஸ்லாவியாவில் நடந்த கொடுமைகளை ஆராய ஐ.நா. அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஐ.நா. போதிய பணம் தரவில்லை. வெளியே நிதி திரட்டினார். தடுப்பு முகாம்கள், மனிதப் புதைகுழிகள், பாலியல் வன்முறை என்று ஒவ்வொன்றாக ஆவணப்படுத்தினார்கள். பாதுகாப்புச் சபை 1993இல் யூகோஸ்லாவியாவுக்கும் 1994இல் ருவண்டாவுக்கும் தனித்தனித் தீர்ப்பாயங்கள் அமைத்தது.

முதலாவது தீர்ப்பாயம் இருக்கும்போதேதான் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிக்காவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். "அப்போ அந்தக் கோட்டால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீதிமன்றம் கொலையைத் தடுக்கவில்லை. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்ட கரட்சிச் 2008இல் பிடிபட்டார். 16 வருடங்கள் ஒளிந்திருந்த தளபதி ம்லாடிச் 2011இல் பிடிபட்டார். இருவருக்கும் ஆயுள் தண்டனை. "பொலிஸ் இல்லாத கோட்டு" என்று சிரிப்பவர்கள் அந்தப் 16 வருடங்களை நினைத்துப் பாருங்கள். மகனைப் புதைகுழியில் தேடிய தாய்மார் அவ்வளவு காலமும் பொறுமையாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ரோம். 1998 ஜூன் 15 முதல் ஜூலை 17 வரை, ஐந்து கிழமை. 160 நாடுகள், இருநூறுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள். மாநாடு நடந்தது ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் தலைமையகத்தில். அந்தக் கட்டடத்துக்கு ஒரு கதை உண்டு. முசோலினி காலத்தில் இத்தாலியின் ஆபிரிக்கக் குடியேற்றங்களை ஆளும் அமைச்சுக்காகக் கட்டத் தொடங்கியது அது. 1998இல் அதன் வாசலில், எத்தியோப்பியாவிலிருந்து 1937இல் கொள்ளையடித்து வந்த அக்ஸும் கல்தூண் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆபிரிக்கப் பிரதிநிதிகள் தினமும் அந்தத் தூணைக் கடந்துதான் உள்ளே போனார்கள். வெளியே போய்விடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள்.

மேசையில் இருந்த வரைவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடைப்புக்குறிகள். அடைப்புக்குறிக்குள் இருந்தால் இன்னும் உடன்பாடு இல்லை என்று அர்த்தம். வரைவுக் குழுவின் தலைவர் மேலே சொன்ன அதே பஸ்ஸியூனிதான். ஆம், இன்று ஹேக்கில் நீதிபதிகள் புரட்டும் சட்டப் புத்தகத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு முஸ்லிம். குரல் பதிவு போட்ட சகோதரருக்கு இது தெரியுமா?

சண்டை எங்கே வந்தது? வழக்கைத் தொடங்கும் அதிகாரம் யாருக்கு என்பதில். பாதுகாப்புச் சபை அனுமதித்தால் மட்டுமே வழக்கு என்று இருக்க வேண்டும் என அமெரிக்கா நின்றது. அதாவது வீட்டோ உள்ள ஐந்து நாடுகளின் கையில் சாவி. ஒரே எண்ணமுள்ள சுமார் 60 நாடுகள் அணியாகச் சேர்ந்து அதை மறுத்தன. வழக்குத்தொடுநர் தானாகவும் விசாரணை தொடங்கலாம், உறுப்பு நாடும் கேட்கலாம், பாதுகாப்புச் சபையும் அனுப்பலாம் என்று மூன்று கதவுகள் வைத்தார்கள். நாட்டுத் தலைவர் என்பதற்காக எவருக்கும் விலக்கு இல்லை என்று 27ஆவது உறுப்புரையில் எழுதினார்கள். ஆக்கிரமித்த நிலத்தில் தன் மக்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ குடியேற்றுவது போர்க் குற்றம் என்று சேர்த்தார்கள். "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்பதை வற்புறுத்திச் சேர்த்தவை அரபு நாடுகள். இஸ்ரேல் எதிர்த்து வாக்களித்ததற்குச் சொன்ன காரணமும் அந்த வரிதான்.

விட்டுக்கொடுத்ததும் உண்டு. கொல்லப்பட்டவர் எந்த நாட்டவரோ அந்த நாடு, குற்றவாளி கையில் அகப்பட்ட நாடு, இவற்றில் எது உறுப்பினராக இருந்தாலும் வழக்குப் போடலாம் என்று தென்கொரியா கேட்டது. அதை வெட்டினார்கள். குற்றம் நடந்த நாடோ குற்றவாளியின் நாடோ உறுப்பினராக இருக்க வேண்டும் என்று குறுக்கினார்கள். இதனால்தான் உறுப்பினரல்லாத சிரியாவில் அத்தனை பேர் செத்தும் இந்த நீதிமன்றத்தால் உள்ளே போக முடியவில்லை. 2014இல் பாதுகாப்புச் சபை வழியாக அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. பாதுகாப்புச் சபை ஒரு வழக்கை 12 மாதங்கள் நிறுத்தி வைக்கலாம் என்ற 16ஆவது உறுப்புரையும் பெரியவர்களுக்குக் கொடுத்த சலுகைதான். அணு ஆயுதத்தைப் பட்டியலில் சேர்க்க இந்தியா கேட்டது. அதுவும் நடக்கவில்லை.

கடைசி நாள் இரவு. அமெரிக்காவும் இந்தியாவும் கொண்டுவந்த திருத்தங்களை எடுக்காமலே விட வேண்டும் என்று நோர்வே பிரேரித்தது. பெரும்பான்மை அதை ஏற்றது. பிறகு முழுச் சாசனத்துக்கும் வாக்கெடுப்பு. ஆதரவு 120, எதிர்ப்பு 7, வாக்களிக்காதவர்கள் 21. நாடுகளின் பெயர் பதியப்படவில்லை. ஆனால் அமெரிக்கா, சீனா, இஸ்ரேல் மூன்றும் தாங்கள் எதிர்த்து வாக்களித்ததாகத் தாங்களே சொல்லின. மண்டபத்தில் எழும்பி நின்று கைதட்டினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள்.

சாசனத்தை முதன்முதலில் உறுதி செய்த நாடு எது? செனகல். 1999 பெப்ரவரியில். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஆபிரிக்க நாடு. அடுத்தது ட்ரினிடாட். 60 நாடுகள் சேர்ந்தால் நீதிமன்றம் உயிர்பெறும் என்பது விதி. 2002 ஏப்ரல் 11இல் அந்த எண்ணிக்கை தாண்டியது, ஜூலை 1ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: தன் படையினர் எவரையாவது இந்த நீதிமன்றம் பிடித்து வைத்தால் மீட்பதற்கு ஜனாதிபதி எந்த வழியையும் பயன்படுத்தலாம். அதற்கு "ஹேக் படையெடுப்புச் சட்டம்" என்று பட்டப்பெயர். பிறகு இரண்டு வழக்குத்தொடுநர்கள் மீது தடை விதித்தது. அவர்களில் ஒருவர் கம்பியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண் பாத்தூ பென்சூடா. அமெரிக்காவின் நாடகம் என்றால் அமெரிக்காவுக்கு ஏன் இந்த ஆத்திரம்?

"ஆபிரிக்கர்களை மட்டும்தான் பிடிப்பார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. நீண்ட காலம் கூண்டில் ஏறியவர்கள் எல்லோரும் ஆபிரிக்கர்கள்தான். ஆனால் உகண்டா, கொங்கோ, மத்திய ஆபிரிக்கக் குடியரசு மூன்றும் தாங்களே நீதிமன்றத்தை அழைத்தவை. மற்ற வல்லரசுகளைத் தொடத் தாமதித்தது குறைதான். அந்தக் குறையை நீக்க வழி, உள்ளே ஆட்களைக் கூட்டுவது. வெளியே நின்று ஏசுவதல்ல.

பலஸ்தீனம் அதைத்தான் செய்தது. 2009இல் கதவைத் தட்டியது, திறக்கவில்லை. 2012இல் ஐ.நா. பொதுச் சபையில் 138 வாக்குகளோடு நாடு என்ற தகுதி பெற்றது. 2015 ஏப்ரல் 1இல் உறுப்பினரானது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் 2024 நவம்பரில் பிடியாணையே இல்லை. பங்களாதேஷ் 2010இல் சேர்ந்தது. மியன்மார் உறுப்பினரல்ல. ஆனால் ரோஹிங்யாக்கள் எல்லை தாண்டித் துரத்தப்பட்டதால் குற்றத்தின் ஒரு பகுதி பங்களாதேஷ் மண்ணில் நடந்தது என்று நீதிபதிகள் ஏற்றார்கள். 2019இல் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. ஓர் ஏழை நாட்டின் கையெழுத்து செய்த வேலை இது.

இப்போது கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம். சவூதி, பாகிஸ்தான், துருக்கி, இந்தோனேசியா இன்றுவரை கையெழுத்துக்கூடப் போடவில்லை. எகிப்தும் ஈரானும் கையெழுத்துப் போட்டு உறுதி செய்யாமல் விட்டன. மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்து அடுத்த மாதமே விலகியது. நெதன்யாகு 2025இல் ஹங்கேரிக்குப் போனபோது, பிடியாணை இருந்தும் அந்த நாடு சிவப்புக் கம்பளம் விரித்தது என்று எல்லோரும் கொதித்தோம். சரி. 2017இல் டார்பூர் குற்றங்களுக்காகப் பிடியாணை உள்ள சூடான் ஜனாதிபதி உமர் அல்பஷீர் அரபு லீக் மாநாட்டுக்கு அம்மான் போனார். ஜோர்தான் உறுப்பு நாடு. கைது செய்யவில்லை. அப்போது நாம் கொதித்தோமா? டார்பூரில் செத்தவர்களும் கலிமா சொன்னவர்கள்தானே? நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நம் மௌலவிமார் எல்லோருக்கும் மனப்பாடம். நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியில் நிற்கச் சொல்லும் வசனம். அது டார்பூருக்குப் பொருந்தாதா?

"காபிர்ட கோட்டு" என்பவர்களுக்கு ஒன்று. ஹில்புல் புழூல் எங்கே நடந்தது? யெமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் சரக்கை மக்காவின் பெரிய மனிதர் எடுத்துக்கொண்டு காசு கொடுக்கவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநியாயம் செய்யப்பட்டவன் யாராக இருந்தாலும் அவன் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நபித்துவத்துக்கு முந்திய காலம். கூடியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் அதில் இருந்தார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அதற்கு அழைத்தால் போவேன் என்ற கருத்தில் பேசினார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கடைசியாக "வேற ஆக்கள்ட பிரச்சின" என்ற வார்த்தை. இதுதான் என்னைத் தூங்கவிடாதது.

ரோமில் இலங்கையும் இருந்தது. இந்தியா, துருக்கி, அல்ஜீரியாவோடு சேர்ந்து பயங்கரவாதத்தைக் குற்றப் பட்டியலில் சேர்க்கக் கேட்டது. அது சேரவில்லை, பின்னர் பரிசீலிக்கலாம் என்று ஒரு தீர்மானத்தோடு நின்றது. இலங்கை கையெழுத்துப் போடவில்லை. 27 வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 2025இல் 125 நாடுகள் உள்ளே இருந்தன. நாம் வெளியே.

பெரியவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2009 பற்றிய பேச்சு வரும், அரசாங்கம் நம்மைச் சந்தேகிக்கும் என்ற பயம். ஆனால் சட்டத்தை வாசியுங்கள். 2002 ஜூலைக்கு முன் நடந்த எதையும் இந்த நீதிமன்றம் தொடாது. பின்னர் சேரும் நாட்டுக்கு, அந்த நாடு தானே விரும்பி அறிவித்தால் ஒழிய, சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. 1990 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைக்கும் வடக்கிலிருந்து நம் மக்கள் விரட்டப்பட்டதற்கும் இந்தக் கதவு திறக்காது. அது நமக்கும் வலிதான். அப்படியானால் சேர்வது யாருக்காக? நம் பிள்ளைகளுக்காக. நாளைக்கு எவன் கையில் துவக்கு இருந்தாலும், அவனுக்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது என்பதற்காக. அதுவும் நம் நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாமலோ விரும்பாமலோ இருந்தால் மட்டுமே ஹேக் வரும். முதலிடம் நம் நீதிமன்றத்துக்குத்தான்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரத்தில் பிள்ளையின் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரைப் பல தடவை பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சர்வதேச நீதி கேட்டபோது நம்மில் பலர் "நாட்டுக்கு எதிரான கோரிக்கை" என்று முகத்தைத் திருப்பினோம். இப்போது காஸாவுக்காக அதே சொல்லை நாம் கேட்கிறோம். காஸாத் தாய்க்கு ஒரு சட்டம், கிளிநொச்சித் தாய்க்கு ஒரு சட்டமா? இதைக் கேட்டதற்காக என்னை ஏசுபவர்கள் ஏசலாம். பதிலையும் எழுதுங்கள்.

மனுவைத் திருத்தி எழுதிவிட்டேன். வெளிவிவகார அமைச்சுக்கு, தமிழிலும் சிங்களத்திலும். கேட்பது ஒன்றுதான்: இலங்கை ரோம் சாசனத்தில் இணைய வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை அந்தத் தம்பிமார் பள்ளிவாசலில் நிற்பார்கள். நானும் நிற்பேன். அனுமதிக்காவிட்டால் வெளியே வீதியில் நிற்போம். வந்த பெரியவர்கள் இருவர் மீதும் எனக்கு மரியாதை குறையவில்லை. வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசுவோம்.

கையெழுத்து வைக்காதவர்களோடு கோபமில்லை. ஆனால் வைக்காமல் விட்டுவிட்டு, அடுத்த பிடியாணைச் செய்தி வரும்போது குழுமத்தில் முதல் ஆளாகப் பகிர வேண்டாம்.

வஸ்ஸலாம்.